முடிவெடுக்காமல் மூட்டை கட்டுங்கள்

ஆவணிக் கடைசியில் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். தை பிறந்து பத்தாம் நாள், திருவானைக்கோவிலில் 19 வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, திருச்சி கே.கே. நகரில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றுக்கு வாடகைக்கு வந்தேன். இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. "வருஷம் திரும்பட்டும், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சொந்தத்தில் பலர் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனால் மாதம் 14,000 ரூபாய் வாடகையை நான் ஒருத்தி எங்கிருந்து கொடுப்பது? அவருக்கு டிவி, மிக்ஸி ரிப்பேர் தொழில். வீட்டின் முன் அறைதான் கடை. அந்தக் கடை நின்ற பிறகு அந்த அறைக்கும் சேர்த்து வாடகை கொடுக்க முடியவில்லை.

என்னைப் போல, காத்திருக்க வழியில்லாமல் துக்கத்தோடு வீடு மாறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வீடு மாறும்போதுதான் வேண்டாததைக் கழிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மற்ற நேரத்தில் அது சரி. இப்போது அதைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். முதல் நாளே அவர் சட்டைகளை எடுத்து, "யாருக்காவது பயன்படட்டும்" என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் ஒரு பையில் போட்டுக் கட்டினார். சாயங்காலத்துக்குள் பை போய்விட்டது. கை மடிப்பில் ஈயம் பட்டுச் சின்ன ஓட்டை விழுந்த நீலக் கட்டம் போட்ட சட்டையும் அதில் போய்விட்டது என்று ராத்திரிதான் தெரிந்தது. அவர் கடையில் உட்கார்ந்தால் போடுவது அந்தச் சட்டைதான். திரும்ப வாங்க முடியவில்லை. யார் மேலும் தப்பில்லை, நான்தான் சொன்னேன். ஆனால் அன்று நான் எதையும் முடிவு செய்கிற நிலையில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அவர் பொருள் எதையும் கழிப்பதில்லை, பிரிப்பதில்லை, இருப்பதை இருக்கிறபடியே பெட்டியில் போட்டு ஒட்டுவது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'பிறகு' என்று மார்க்கரால் எழுதினேன். வீட்டுச் சாமானுக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். 'உடனே' என்று ஒரே ஒரு பெட்டி. அதில் குக்கர், அரிசி, பருப்பு, உப்பு, மஞ்சள், பால் பாத்திரம், விளக்கு, தீப்பெட்டி, மாத்திரை, இரண்டு மாற்றுத்துணி, போன் சார்ஜர். 'பிறகு' பெட்டிகள் மொத்தம் 11 வந்தன. சின்ன வீட்டுக்குப் போகும்போது 11 பெட்டியைச் சுமந்துகொண்டு போவதா என்று கேட்டார்கள். கட்டிலுக்கு அடியில் 6, பரணில் 5. இடம் இருந்தது.

பெட்டிக்கு முன்னால் போட்டோ

எதையும் தொடுவதற்கு முன்னால் வீட்டை இருக்கிறபடி போட்டோ எடுங்கள். அடுக்கி, துடைத்து எடுக்க வேண்டாம். அவருடைய மேஜையில் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் திருகாணிகள் அளவுவாரியாக இருக்கும். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டெஸ்டர் எல்லாம் கை எட்டும் வரிசையில் இருக்கும். மேஜை முழுவதையும் ஒரு வீடியோவாக மெதுவாக எடுத்தேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் ரீடிங்கை அவர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். வருடக்கணக்கான எண்கள். சுவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வர முடியாது, ஆனால் அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

குரலையும் பத்திரப்படுத்துங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை மகள் என் போனிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தாள். பாதிக்கு மேல், "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" மாதிரியானவைதான். அதுதான் வேண்டும். இந்த வேலையை மூட்டை கட்டும் வாரத்துக்கு முன்பே முடியுங்கள். சாமான் ஏற்றும் களேபரத்தில் முதலில் உடைவதும் தொலைவதும் போன்தான்.

அவருடைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வங்கி, கேஸ், இன்சூரன்ஸ் என்று எல்லா ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். பல மாதம் பயன்படுத்தாமல் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். ஆனால் அவர் ஏடிஎம் கார்டையோ, போனில் உள்ள பணப் பரிமாற்றத்தையோ பயன்படுத்தாதீர்கள். இறந்த பிறகு அந்தக் கணக்கிலிருந்து நாமாகப் பணம் எடுக்கக் கூடாது. வங்கிக்கு நேரில் போய், இறப்புச் சான்றிதழ் கொடுத்து, நாமினியாக வாங்குவதுதான் முறை.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. ரிப்பேருக்கு வந்து, வாங்கிப் போகாத சாமான்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு ரப்பர் பேண்டில் தொங்கியது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். சிலருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. ஒரு பெரியவர் பழைய ரேடியோவை வாங்க வந்துவிட்டு, திண்ணையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சாமானைக் கொடுத்து, சீட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கடையோ தொழிலோ வைத்திருந்தவர் என்றால், அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். பழைய முகவரி இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலை அது.

பழைய முகவரியில் முடிக்க வேண்டியவை

வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் வீடு மாறுவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பது இறந்தவர் குடியிருந்த இடத்தில். அக்கம்பக்கத்தார் சொல்வதும் அங்கேதான் எடுபடும். மாறிய பிறகு போனால் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்றிதழில் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, பத்துப் பிரதியாவது எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், முகவரி மாற்றம், கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றுவது என்று எங்கு போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பழைய வீட்டுக்கு அவர் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, அதற்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தேடி எடுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்புங்கள். புது வீட்டு ஒப்பந்தத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். மகன் பெயரில், அண்ணன் பெயரில் என்று யாராவது சொல்வார்கள். வாடகை கொடுப்பது நீங்கள் என்றால் பெயரும் உங்களுடையதுதான். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

ஏற்றி இறக்கும் நாள்

"ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்பவர்களுக்கு "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். குறிப்பான வேலை கொடுங்கள். என் அண்ணனிடம், "ஃபிரிட்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் பக்கத்துல நின்னா போதும் அண்ணா" என்றேன். முதல் நாளே அணைத்துத் தண்ணீர் வடித்து, நிமிர்த்தியே கொண்டு வந்து, நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். அதை அவரிடம் விட்டுவிட்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு மதியச் சாப்பாடு. எலுமிச்சைச் சாதமும் தண்ணீரும் அவர் பொறுப்பு.

வீட்டில் போனவர் மட்டுமே செய்த வேலைகள் சில இருக்கும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர். அதைக் கழற்ற எனக்குத் தெரியாது. பாட்டரியில் ஆசிட் இருக்கிறது, சாய்க்கக் கூடாது என்பது மட்டும் அவர் சொல்லித் தெரியும். அவருடன் தொழில் பழகிய பையனைக் கூப்பிட்டேன். எந்த ஒயர் எங்கே என்று டேப் ஒட்டிக் குறித்து, மெதுவாகக் கழற்றினான். இப்படி உங்களால் முடியாத வேலை என்னென்ன என்று ஒரு வாரம் முன்னாலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளைப் பேசி வையுங்கள். அந்த நேரத்தில், "அவர் இருந்தா..." என்று கையறுந்து நிற்பது தாங்க முடியாது.

சாமான் குட்டி யானை வண்டியில் இரண்டு நடையாகப் போனது. நான் வண்டியில் ஏறவில்லை. திருவானைக்கோவிலிலிருந்து ஊருக்குள் வரக் காவிரிப் பாலம் தாண்ட வேண்டும். அவர் அஸ்தியை அந்தக் காவிரியில், அம்மா மண்டபப் படித்துறையில்தான் கரைத்தோம். மகளோடு தனியாக ஆட்டோவில் வந்தேன். பாலத்தில் அழுதேன், யாரும் சமாதானம் சொல்லவில்லை. நன்றாக இருந்தது. உங்கள் வழியிலும் அப்படி ஓர் இடம், ஓர் ஆஸ்பத்திரியோ ஒரு தெருமுனையோ இருக்கும். அதைக் கடக்கும்போது உங்களோடு யார் இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

சாமான் போனதும் காலி வீட்டில் கொஞ்ச நேரம் தனியாக இருங்கள். நான் முன் அறையை நானே பெருக்கினேன். மூலையில் ஒரு திருகாணி கிடந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு சாவியைக் கொடுத்தேன்.

பாலை நீங்களே காய்ச்சுங்கள்

புது வீட்டில் பால் காய்ச்சச் சுமங்கலி ஒருவரை அழைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் தினமும் அடுப்பு மூட்டப்போகிறவள் நான். முதல் நாள் மட்டும் நான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றால், அந்த வீட்டுக்குள் எப்படி நான் குடியிருப்பேன்? விளக்கை நான் ஏற்றினேன், பாலை நான் காய்ச்சினேன், மகள் பக்கத்தில் நின்றாள். முதல் டம்ளரை அவர் படத்துக்கு முன் வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு கேட்காதவர்கள் வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம், அது அவரவர் விருப்பம். ஆனால் அடுத்தவர் சொன்னதற்காக ஒதுங்காதீர்கள்.

அபார்ட்மெண்டில் இன்னொரு சோதனை உண்டு. புதிதாக வருகிறவர்களைப் பார்த்து, "சார் எங்க வேலை பாக்கறார்?" என்று லிஃப்டில் கேட்பார்கள். தெரியாமல் கேட்பதுதான், ஆனாலும் முதல் தடவை எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஒரு வரி தயார் செய்துகொண்டேன்: "அவர் போன ஆவணில தவறிட்டாருங்க, நான் தனியாத்தான் இருக்கேன், பொண்ணு பெங்களூர்ல." கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். முடிந்தால் சங்கச் செயலாளரிடமும் வாட்ச்மேனிடமும் வீட்டில் யாராவது முன்பே சொல்லி வைக்கட்டும். சங்கத்தின் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து என் பெயரை எழுதினேன். கதவுப் பலகையில் இரண்டு பெயரும் இருக்கிறது.

முதல் ராத்திரி யாராவது கூட இருக்கட்டும். கட்டிலைப் பழைய வீட்டில் இருந்த அதே திசையில் போடாதீர்கள். தூக்கத்தில் கை பழைய பக்கம் தேடுகிறது. சமையலில் எனக்குப் பெரிய கஷ்டம் அரிசி அளவு. கை தானாக இரண்டு பேருக்கு அளக்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று வாங்கி, அளவு டம்ளரையும் சின்னதாக மாற்றினேன். அவர் படத்துக்கு முதல் நாளே ஆணி அடிக்காதீர்கள். அலமாரி மேல், ஜன்னல் பக்கம், சாமி மாடம் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். நான் கடைசியில் சமையலறை வாசலுக்கு எதிரே வைத்தேன். கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன குழம்பு?" என்று கேட்கிற தூரம்.

'பிறகு' பெட்டிகளில் இதுவரை நாலு திறந்திருக்கிறேன். பகலில்தான் திறக்க வேண்டும், ராத்திரியில் கூடாது. பக்கத்து அறையில் யாராவது இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு ஒன்று. திறந்து பார்த்து, முடியவில்லை என்றால் திரும்ப ஒட்டி வைத்துவிடலாம், இரண்டாவது பெட்டியை அப்படித்தான் செய்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருப்பது ஒன்பதாவது பெட்டி. முந்தானையில் முடிந்து வந்த திருகாணி அதில் எந்த அளவில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. சித்திரை லீவில் மகள் வருகிறாள், அவளோடு சேர்ந்து திறப்பேன்.