இ.பி.காரர்கள் கனெக்ஷனைத் துண்டித்துவிட்டால் என்ன செய்வது?

மீட்டர் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸ் கட்டையைக் காணோம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. அப்படியென்றால் இது பவர் கட் இல்லை, பில் பாக்கி என்று லைன்மேன் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். அவசரப்பட்டு நீங்களே கம்பியைச் செருகி இணைத்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து. தவிர, துண்டித்த இணைப்பை அனுமதியில்லாமல் சேர்த்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் 138-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

முதலில் தேதியைப் பாருங்கள். பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் எழுத்து மூலம் முழுதாக 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது 56-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. அதற்குள் வந்து பிடுங்கியிருந்தால் தைரியமாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ரசீது. கட்டியும் துண்டித்திருந்தால் ரசீதில் உள்ள சர்வீஸ் நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். ஆன்லைனில் ஓர் எண் மாறினாலும் பணம் வேறு வீட்டுக் கணக்குக்குப் போய்விடும். பாக்கி உண்மைதான் என்றால், அபராதத்தோடும் ரீகனெக்ஷன் கட்டணத்தோடும் கட்டிவிட்டு, ரசீதைப் பிரிவு அலுவலகத்தில் காட்டுங்கள். ரசீதில்லாமல் யார் கையிலும் பணம் தராதீர்கள். அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) பேசி, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

பில்லே தவறு என்றால்? பலரும் வாக்குவாதத்திலேயே நாளைக் கடத்திவிடுகிறார்கள், அதற்குள் ஃபியூஸ் போய்விடுகிறது. அதே 56-ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. பில் தொகை, முந்தைய 6 மாதச் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. உதாரணமாக, கடைசி மூன்று பில் 1,300, 1,500, 1,400 ரூபாய். மொத்தம் 4,200, மாதத்துக்கு 700. இப்போது 9,800 என்று வந்திருந்தால், இரண்டு மாதத்துக்கு 1,400 கட்டலாம். கெடு முடிவதற்குள் உதவிப் பொறியாளரிடம் நேரில் போய், "இந்தப் பில்லை ஏற்கவில்லை, 56-ஆம் பிரிவின்படி ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், மீட்டரைச் சோதிக்கவும்" என்று எழுதிக்கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்த ஒரு தாள்தான் பிறகு உங்களுக்காகப் பேசும்.

எப்போதோ விட்டுப்போனது என்று பழைய பாக்கியைத் திடீரெனக் கேட்டால் இன்னொன்றையும் சொல்லுங்கள்: தொடர்ந்து பாக்கியாகக் காட்டப்படாத தொகையை, அது செலுத்த வேண்டியதாகி 2 ஆண்டு கழிந்தபின் வசூலிக்க முடியாது.

அங்கே வேலை ஆகவில்லையா? உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் மனு கொடுங்கள். வக்கீல் தேவையில்லை. அதன் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வாடகை வீட்டில் கரண்டை நிறுத்தியது வீட்டு ஓனர் என்றால் இ.பி. ஆபீஸுக்கு அலையாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி மின்சாரமும் தண்ணீரும் அத்தியாவசிய வசதிகள், அவர் நிறுத்தக் கூடாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து, விசாரணை முடியும்வரை இணைப்பைத் திரும்பத் தரச்சொல்லி இடைக்கால உத்தரவு கேளுங்கள்.