பல்லேகலை மேட்சுக்கு மகியங்கனை வழி

பதுளை, மகியங்கனைப் பக்கமிருந்து பல்லேகலை மைதானத்துக்கு உலகக் கிண்ணப் போட்டி பார்க்கப் போகிறவர்கள் நுவரெலியா பக்கம் சுற்ற வேண்டாம். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, திகன தாண்டியதும் இறங்குங்கள். "கிரிக்கெட் கிரவுண்ட்" என்று கொண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மைதானம் கண்டிக்குக் கிழக்கே, மகியங்கனையிலிருந்து கண்டிக்கு வரும் ஏ26 வீதிப் பக்கம் இருக்கிறது. நுவரெலியா வழியாக வந்தால் பேராதனை, கண்டி நகரம் இரண்டின் நெரிசலிலும் மாட்டி, பிறகு கிழக்கே திரும்பிப் போக வேண்டும். மேட்ச் நாளில் நேரத்தைத் தின்பது அந்தத் துண்டுதான்.

ஹட்டன், நுவரெலியாக்காரருக்கு இது உதவாது. கண்டிக்கு வந்து திகன அல்லது தெல்தெனிய பஸ் பிடியுங்கள். மகியங்கனை வழியாக வருகிறவர்கள், கடும் மழையென்றால் அந்த வழியிலுள்ள 18 வளைவு மலை வீதியில் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். இரவு மேட்சென்றால் திரும்ப பஸ்ஸை நம்பாமல், நாலைந்து பேர் சேர்ந்து வேன் பேசிவிடுங்கள்.