டிஎஸ்எஸ்டி ஜியாலஜி தேர்வு: எந்தப் புத்தகத்தை எடுப்பது, எதை ஒதுக்குவது

பாதியில் விட்ட டிகிரியை அமெரிக்கா வந்த பிறகு முடிக்கப் போனேன். அறிவியலில் 3 கிரெடிட் குறைகிறது என்றார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார நேரமும் இல்லை, காசும் இல்லை. அதனால் டிஎஸ்எஸ்டியில் (வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கல்லூரிக் கிரெடிட் வாங்கும் வழி) 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஜியாலஜி' (நிலவியல் அறிமுகம்) எழுதி அந்த 3 கிரெடிட்டை வாங்கினேன். தேர்வு பெரிய கஷ்டமில்லை. எதை வைத்துப் படிப்பது என்று முடிவுசெய்வதில்தான் படாதபாடு பட்டேன்.

பதிவு செய்வது, தேர்வு மையம் பிடிப்பது எல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: மதிப்பெண் 200 முதல் 500 வரையிலான அளவில் வரும், தேர்ச்சிக்குப் பரிந்துரைக்கப்படுவது 400. அதைப் பார்த்து நூற்றுக்கு எண்பது சரியாக எழுத வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். அது மாற்றியமைத்த அளவு, நேர்க்கணக்கு கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை.

படி 1: முதலில் கல்லூரியில் கேளுங்கள்

அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் 3 கிரெடிட் தரலாம் என்று பரிந்துரைதான் செய்யும். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் கல்லூரியின் கையில். மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: ஃபேக்ட் ஷீட்

ஒவ்வொரு டிஎஸ்எஸ்டி தேர்வுக்கும் ஒரு ஃபேக்ட் ஷீட் உண்டு, இலவசம். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை சதவீதம் கேள்வி வரும் என்று அதில் போட்டிருக்கும். மாதிரிக் கேள்விகளும் இருக்கும். அச்செடுத்து மேஜையில் ஒட்டிவிடுங்கள். இது கையில் வருவதற்கு முன் ஒரு புத்தகமும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன்.

படி 3: பத்துச் சொல் சோதனை

எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்பார்கள். அங்கே ஒரு தடித்த ஜியாலஜி புத்தகம் ஒரு டாலருக்குக் கிடைத்தது. 1961-இல் அச்சானது. கல்லும் ஆறும் அறுபது வருஷத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று எடுத்து வந்தேன். கனிமம், தீப்பாறை, படிவுப்பாறை, ஆறு, காற்று என்று வரிசையாகப் படித்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் மலைகள் அத்தியாயம். கடலடியில் வண்டல் மைல் கணக்கில் சேர்ந்து, பாரத்தில் அமிழ்ந்து, பிறகு நசுங்கி மலையாக எழுந்தது என்று போட்டிருந்தது. இது என்னடா புதுக்கதை என்று பின்னால் திருப்பி, சொல்லடைவில் 'பிளேட் டெக்டானிக்ஸ்' (பூமியின் மேலோடு நகரும் தட்டுகளாக இருக்கிறது என்ற புவித்தட்டுக் கொள்கை) தேடினேன். இல்லவே இல்லை. எப்படி இருக்கும்? கடல்தரை விரிகிறது என்ற ஹாரி ஹெஸ்ஸின் கட்டுரை வந்ததே 1962-இல். புவித்தட்டுக் கொள்கையை நிலவியலாளர்கள் பரவலாக ஏற்றது 1960-களின் கடைசியில். எரிமலை, நிலநடுக்கம், மலை என்று தேர்வில் பாதிக்குப் பாதி தொட்டுப்போகும் விஷயம் அந்தப் புத்தகத்தில் கிடையாது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனையை வைத்துக்கொண்டேன். ஃபேக்ட் ஷீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று சொல் வருகிற மாதிரி பத்துச் சொற்களை எழுதுங்கள். என் பட்டியல்: சப்டக்‌ஷன், போவன் வரிசை, ஃபோலியேஷன், கார்ஸ்ட், மொரேன், ஆர்ட்டீசியன் கிணறு, பி அலை, ஐசோஸ்டசி, அரை ஆயுட்காலம், மோஹோ. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். எட்டுச் சொல்லாவது இருக்க வேண்டும். இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து படம் போட்டு விளக்கியிருக்கிறதா, ஒரு வரியில் கடந்துவிட்டதா என்று பாருங்கள். கார்ஸ்ட்டுக்கு ஒரே ஒரு பக்க எண் இருந்தால் நான் கீழே வைத்துவிடுவேன்.

இதே சோதனை இன்னொரு பள்ளத்திலிருந்தும் காப்பாற்றும். 'ஹிஸ்டாரிகல் ஜியாலஜி' என்று தனிப் பாடம் உண்டு. புதைபடிவம், டைனோசர், 454 கோடி ஆண்டுக் கதை எல்லாம் அதில்தான். படிக்க அருமையாக இருக்கும். ஆனால் நமக்கு முக்கியமாக வேண்டியது பாறை, மலை, ஆறு, நிலநடுக்கம் பற்றிய 'ஃபிசிக்கல் ஜியாலஜி'. அட்டையில் 'ஜியாலஜி' பெரிதாகவும் முன்சொல் பொடியாகவும் இருக்கும், கவனம்.

படி 4: நான் எடுத்தவை

ஸ்டீவன் ஏர்லின் 'ஃபிசிக்கல் ஜியாலஜி', இரண்டாம் பதிப்பு. கனடாவின் பிசிகேம்பஸ் வெளியிட்ட இலவசப் பாடநூல். உதாரணங்களில் பெரும்பாலானவை மேற்குக் கனடாவைச் சேர்ந்தவை. அது எனக்கு வசதியாகவே போயிற்று: மதுரைப் பக்கம் வளர்ந்தவளுக்குப் பனியாறு என்றால் என்ன தெரியும்? காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் இரண்டு மூன்று பதிப்பு பழையதை வாங்குங்கள், விலை பாதாளத்தில் இருக்கும். 1961 வரைக்கும் போகாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தவர் செய்துவைத்த ஃபிளாஷ்கார்டுகள் எனக்குப் பிடிக்காது. ஒரு தொகுப்பில் மாக்மாவும் (பூமிக்குள் இருக்கும் பாறைக்குழம்பு) லாவாவும் (அது வெளியே வந்தது) ஒன்றே என்று இருந்தது. ஆங்கி என்ற ஃபிளாஷ்கார்டு செயலியில் நீங்களே செய்யுங்கள். செய்யும்போதே பாதி மனசில் ஏறிவிடும்.

போவன் வரிசையைக் கார்டில் போடாமல் படமாக வரைந்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மாக்மா ஆறும்போது ஒலிவின் என்ற கனிமம் முதலில் படிகமாகும், குவார்ட்ஸ் கடைசியில். வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போதும் ஒலிவின்தான் முதலில் சிதையும், குவார்ட்ஸ் கடைசிவரை தாங்கும். கடற்கரை மணலில் ஏன் இவ்வளவு குவார்ட்ஸ் என்பதற்கும் அதே படம்தான் பதில்.

படி 5: கல் பெட்டி வேண்டாம்

ஐம்பது கல் அடங்கிய பெட்டியை வாங்கச் சொல்வார்கள். தேர்வில் யாரும் கையில் கல்லைக் கொடுக்கப் போவதில்லை, எல்லாம் கொள்குறி வினாதான். வீட்டில் இருப்பதே போதும். சுண்ணாம்புக்கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் வினிகர் விட்டால் மெதுவாக நுரைக்கும், அதுதான் கால்சைட். ஹேமடைட் (இரும்புத் தாது) துண்டு ஒன்று கிடைத்தால் டைல்ஸின் பூச்சில்லாத பின்பக்கத்தில் தேயுங்கள். கல் கறுப்பாக இருந்தாலும் கோடு செம்பழுப்பாக விழும். ஒரு தடவை பார்த்துவிட்டால் 'ஸ்ட்ரீக்' கேள்வி மறக்காது. அப்புறம், சமையல் மேடையில் போடும் 'பிளாக் கிரானைட்'டைப் பார்த்து கிரானைட்டைப் படிக்காதீர்கள். அது பெரும்பாலும் கேப்ரோ அல்லது டோலரைட், வியாபாரத்தில் மட்டும்தான் கிரானைட்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வு. அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல், படிக்கத் தொடங்கும்போதே ஒருமுறை எழுதுங்கள். எனக்கு நிலத்தடி நீரில் அடி வாங்கப் போகிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பின்சேர்க்கை 1: கிளெப்பில் (இதேபோல் கிரெடிட் தரும் இன்னொரு தேர்வு முறை) ஜியாலஜி இல்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித் தேர்வாக இல்லை. 'நேச்சுரல் சயின்சஸ்' தேர்வில் பூமியைப் பற்றிச் சிறு பகுதி வரும், அதற்கு இவ்வளவு படிக்கத் தேவையில்லை.

பின்சேர்க்கை 2: ஒரு தங்கை தேர்ச்சி பெற்ற பிறகு எழுதினார்: அவர் கல்லூரியில் அறிவியல் கிரெடிட் லேபுடன் இருக்க வேண்டுமாம். இந்தத் தேர்வில் லேப் கிடையாது. படி 1-இல் இதை நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அந்தத் தேவை வராததால் தோன்றவில்லை. மின்னஞ்சல் எழுதும்போது 'லேப் இல்லாமல் ஏற்பீர்களா' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் பாடநூலுக்கு முன், தமிழ்நாடு ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பாறைக்கோளம்' என்ற இரண்டு பாடங்களை ஒருமுறை வாசிக்கலாம். தேடும்போது 'புவியியல்' பிரிவில் பாருங்கள். நம் பள்ளியில் புவியியல் என்றால் ஜாக்ரஃபி, ஜியாலஜிக்கு நிலவியல் என்பார்கள். ஆனால் பாறைப் பாடம் இருப்பது புவியியலில்தான்.