செயலியை நீக்கினால் சந்தா நிற்காது: தானாகப் புதுப்பிப்பதை முறையாக நிறுத்தும் வழி

போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதி அப்படியே உயிரோடு இருக்கிறது. அதை எங்கே கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்பப் பெற வேண்டும்.

படி 1: அனுமதி யாரிடம் இருக்கிறது?

வங்கி, கார்டு ஸ்டேட்மென்ட்டை 13 மாதங்களுக்கு எடுங்கள். ஆண்டுச் சந்தா வருடத்தில் ஒரே ஒரு வரியாகத்தான் தலைகாட்டும். குறைவாக எடுத்தால் அது தப்பிவிடும். அந்த வரியில் செயலியின் பெயரே இல்லாமல், அதை நடத்தும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். ஆப்பிள் அல்லது கூகுள் பெயரில் பணம் போயிருந்தால் அனுமதி அவர்களிடம். விற்பவர் பெயரிலேயே போயிருந்தால், அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போக வேண்டும்.

படி 2: ரத்து செய்யுங்கள்

ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், பிறகு சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர், வலது மூலையில் புரொஃபைல் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். பட்டியல் காலியாக இருந்தால் வேறொரு மின்னஞ்சலில் சந்தா எடுத்திருப்பீர்கள். அதில் நுழைந்து பாருங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு நாளாவது முன்னால் ரத்து செய்யும்படி ஆப்பிளே சொல்கிறது.

இணையதளங்களில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "ரத்து" என்று அழுத்தியதும் பாதி விலைச் சலுகை வரும். அதையும் தாண்டினால், "ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமே" என்று பெரிய வண்ணப் பொத்தான் நிற்கும். உண்மையான ரத்து அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தாக இருக்கும். நிறுத்தி வைப்பது ரத்து அல்ல. அந்த மாதம் கழிந்ததும் பணம் மறுபடி போகத் தொடங்கும். சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று திரையில் தெரியும்வரை வேலை முடியவில்லை. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், உறுதி மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தகராறு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் இவைதான்.

படி 3: வழியை அடைத்திருந்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்

இந்தியாவில் கார்டு, யுபிஐ வழியாகத் தானாகப் பணம் எடுக்கும் முன், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி. ஃபாஸ்டேக் கணக்கைத் தானாக நிரப்புவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அறிவிப்பில் தொகையும் தேதியும் விற்பவர் பெயரும் இருக்கும். அந்த ஒரு தடவை எடுப்பதை மட்டுமோ அனுமதி முழுவதையுமோ நீங்கள் மறுக்கலாம். விளம்பரம் என்று நினைத்து இந்தக் குறுஞ்செய்தியைத் தள்ளிவிடாதீர்கள். ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும், இலவசச் சந்தாவுக்கே பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்களின்படி "சந்தாப் பொறி". அது தடை செய்யப்பட்டது. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஜெர்மனியின் விதி இன்னும் கறாரானது. இணையத்தில் சந்தா விற்பவர் ரத்துப் பொத்தானையும் இணையதளத்திலேயே வைக்க வேண்டும்; 2022 ஜூலை 1 முதல் இது கட்டாயம். பொத்தான் இல்லையென்றால், முன்னறிவிப்புக் காலம் எதுவும் இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முறிக்கலாம். மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றினால் நல்லது. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் எளிய ரத்து வழியைக் கேட்கிறது. ஒரே கிளிக்கில் ரத்து என்று 2024இல் கொண்டுவந்த கூடுதல் விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்காகப் பழைய சட்டம் போய்விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் எடுத்த சந்தாவிலிருந்து 14 நாட்களுக்குள் விலகும் உரிமை உண்டு. ஆனால் "உடனே தொடங்கலாம், விலகும் உரிமையை இழக்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு அந்த உரிமை போய்விடும்.

படி 4: பணம் போய்விட்டால்

முதலில் விற்பவருக்கு எழுத்தில் கேளுங்கள்: ரத்து செய்த தேதி, எடுக்கப்பட்ட தொகை, ஸ்கிரீன்ஷாட். பதில் சரியில்லை என்றால் அதே ஆதாரங்களோடு வங்கியில் டிஸ்ப்யூட் (அந்தப் பணத்தை எடுத்தது தவறு என்ற முறையீடு) போடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, வாரக்கணக்கில் தள்ளாதீர்கள்.

கார்டை மாற்றினால் போதும் என்று நம்ப வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குகள் புதிய எண்ணை விற்பவருக்கு அனுப்பும் சேவையை நடத்துகின்றன. அதனால் பழைய சந்தா புதிய கார்டிலும் தொடரலாம். அதே போல, வங்கியில் அனுமதியை நிறுத்தினால் பணம் போவது மட்டும்தான் நிற்கும். விற்பவரிடம் ஒப்பந்தம் அப்படியே இருந்தால், பாக்கி என்று பின்னால் கேட்டு வரலாம். ஆகவே இரண்டு இடத்திலும் நிறுத்துங்கள், விற்பவரிடம் முதலில். பிறகு அடுத்த இரண்டு ஸ்டேட்மென்ட்டிலும் அந்தப் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.