ஹாக்ஐ உடை: வீட்டுத் தையல் மெஷினில், பேர்ணாம்பட்டுத் தோலில்

காமிக்ஸ் ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் பெங்களூரு காமிக் கானுக்கு, மார்வெல் கதைகளில் வரும் வில்வீரன் ஹாக்ஐயின் வேடத்தில் வருவதாக நண்பர்களிடம் வாயை விட்டுவிட்டு, இணையத்தில் ஆயத்த உடை ஒன்று வாங்கினேன். படத்தில் தோல்போல மினுங்கியது. வந்து சேர்ந்தது மழைக்கோட்டுத் துணி. நான் இருப்பது பேர்ணாம்பட்டில். இந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, அந்தப் பக்கம் மலையேறி இறங்கினால் ஆந்திரத்து வி.கோட்டா. சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். இங்கே உட்கார்ந்துகொண்டு தோல் உடையை வெளியூரிலிருந்து வரவழைத்தவன் என்று அத்தை இன்றும் சொல்லிக்காட்டுகிறார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நானே தைத்தேன். நான்கு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் ஒரே ஒரு தவறுக்குப் போனது. அதைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

மெஷினில் நேர்க்கோடு தைக்கத் தெரியும், பாபினில் நூல் சுற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாதவர்கள் இரண்டு தலையணை உறை தைத்துவிட்டு வாருங்கள்.

எந்தப் படத்து உடை?

1964இல் காமிக்ஸில் வந்த ஹாக்ஐக்கு ஊதா உடையும் முகமூடியும் உண்டு. திரைக்கு வந்தபோது முகமூடி போய்விட்டது. 2012இல் வெளியான முதல் அவெஞ்சர்ஸ் படத்தில் ஹாக்ஐயாக நடித்த ஜெரமி ரென்னர் அணிவது கையில்லாத கறுப்பு மேலுடை. அலெக்ஸாண்ட்ரா பைர்ன் வடிவமைத்தது. 2015இல் வந்த இரண்டாம் அவெஞ்சர்ஸ் படத்தில் அதே ஆள் நீண்ட கோட்டில் வருகிறார். இணையத்தில் தேடினால் எல்லாம் கலந்துதான் கிடைக்கும். ஒன்றின் நெஞ்சையும் இன்னொன்றின் தோளையும் சேர்த்து வரைந்த என் முதல் வரைபடம் இரண்டிலும் சேராத ஒன்றாக வந்தது. ஒரே படத்திலிருந்து முன், பக்கம், பின் என மூன்று காட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்.

நான் 2012ஐ எடுத்ததற்கு வெயிலைத் தவிர வேறு காரணம் இல்லை. வேலூர் மாவட்டத்துச் சித்திரையில் கோட்டு போட்டுப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அளவெடுக்க, ஆள் நேராக நிற்கும் காட்சியைத் தாளில் அச்சிட்டு ஸ்கேல் வைத்தேன். தாளில் ஒரு தோள்முனையிலிருந்து மறுமுனை வரை 12 செ.மீ., நெஞ்சுப் பட்டை 3 செ.மீ. அதாவது தோளில் கால் பங்கு. என் தோள் 44 செ.மீ., ஆகவே என் பட்டை 11 செ.மீ. ஒவ்வொரு துண்டையும் இப்படிப் பங்காகவே கணக்கிடுங்கள். ரென்னரின் உடம்பு அளவைத் தேடி அலைய வேண்டாம், உடை நிற்கப்போவது உங்கள் உடம்பில்.

உடம்பின் அச்சு

வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் இறுக்கமான பனியனைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் டக்ட் டேப்பைச் சுற்றச் சொல்லுங்கள். பிரவுன் டேப் கிழியும். நூலிழை உள்ள சாம்பல் நிற டேப்தான் சரி. சுற்றும்போது மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு நில்லுங்கள். முடிந்ததும் தையல் கோடுகளை மார்க்கரால் டேப்பின் மேலேயே வரைந்து, முதுகில் வெட்டிக் கழற்றி, கோட்டோடு கோடாகத் துண்டாக்கினால் அதுதான் உங்கள் அளவுத்தாள். தட்டையாகப் படியாமல் திமிறும் துண்டை மட்டும் ஓரத்திலிருந்து கீறிவிடுங்கள், படிந்துவிடும்.

எனக்குச் சுற்றிவிட்டவன் வி.கோட்டாவிலிருந்து வந்த என் மாமா மகன். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன், எண் போடாமல் எதையும் செய்ய மாட்டான். துண்டுகளுக்கு அழகாக எண் போட்டான். இடது, வலது என்பதை மட்டும் தெலுங்கில் எழுதிவிட்டான். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. எடம எது, குடி எது என்று தெரியாமல் ஒரு விலாத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி வெட்டினேன். எழுதுவதை விட, மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்றும் உடம்பின் நடுப்பக்கம் நோக்கிய அம்புக்குறி ஒன்றும் போட்டுவிடுங்கள். எந்த மொழிக்காரர் வெட்டினாலும் பிசகாது.

பிற்சேர்க்கை: ஒரு வாசகி பகல் இரண்டு மணிக்கு இதைச் செய்து மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாராம். காற்றுப் புகாத டேப் அது. விடியற்காலையில் செய்யுங்கள், தனியாகச் செய்யாதீர்கள், கத்தரிக்கோலைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

தோள் வெட்டு

நான் விழுந்த குழி இதுதான்.

மாதிரியை முதலில் பழைய லுங்கியில் தைத்தேன். லுங்கி நெய்யும் குடியாத்தம் பக்கத்தில்தான் என்பதால் எங்கள் வீட்டில் லுங்கிக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி முன் நின்றேன், கச்சிதமாக இருந்தது. அன்று மாலையே தோலை வெட்டினேன். தைத்து முடித்து அணிந்து, வில் பிடிப்பதுபோல் இடது கையை நீட்டினேன். மேலுடை மொத்தமும் எழும்பிக் கழுத்துப்பட்டை காதில் இடித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டதுபோல இருந்தது என்றான் மாமா மகன். அதைப் படமும் பிடித்து வைத்திருக்கிறான்.

மெல்லிய துணி மடிந்து ஒதுங்கிக்கொள்ளும், அதனால் லுங்கியில் குறை தெரியவில்லை. நான் வாங்கியிருந்த 1.4 மி.மீ. தோல் மடிகிற சாதி இல்லை. அதோடு தோள்பகுதியை எலும்பின் முனையைத் தாண்டி 3 செ.மீ. நீட்டி வெட்டியிருந்தேன், அகலமான தோள் போலத் தெரியட்டும் என்று. கை உயரும்போது தோள்தசை திரண்டு அந்த நீட்டலை முட்டும். முட்டினால் முழு உடையும் ஏறும்.

பிரித்து உள்ளே தள்ளித் தைத்துவிடலாம் என்று அத்தையிடம் கொண்டுபோனேன். அவர் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைப்பவர். ஒன்றும் சொல்லாமல் நான் நூல் பிரித்த விளிம்பை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எறும்புச் சாரைபோல வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வெளிச்சம்.

“துணியைப் பிரித்தால் நூல்தான் போகும், கண்ணு. தோலைப் பிரித்தால் தோலே போய்விடும்” என்றார். அந்த விளிம்பை இரண்டு விரலால் லேசாக இழுத்தார். தபால்தலைபோலத் துளை வழியே கிழிந்து வந்தது.

இரண்டு முழுத் தோல் வீண். அதன் பிறகு நான் செய்தது இது. மாதிரியை ஜீன்ஸ் துணியில் அல்லது கேன்வாஸில் தையுங்கள், விறைப்பாக இருக்க வேண்டும். நேராக நின்று பார்ப்பதில் பயனில்லை. வில் பிடித்த கை நீட்டி ஒருமுறை, நாண் இழுத்த முழங்கை காதுக்கு நேராக வரும்படி ஒருமுறை, முதுகிலிருந்து அம்பு எடுப்பதுபோலத் தோளுக்கு மேல் கையை மடக்கி ஒருமுறை என மூன்று நிலையிலும் பாருங்கள். மூன்றாவதில்தான் பெரும்பாலும் மாட்டும். தோள்பகுதி எலும்பு முனைக்கு 2 செ.மீ. உள்ளேயே முடியட்டும். கை நீளும்போது முதுகும் விரியும், தோல் விரியாது. எனவே இரண்டு அக்குளுக்கும் பின்னே 4 செ.மீ. அகலத்தில் இழுத்தால் நீளும் கறுப்பு லைக்ரா துணியில் பட்டை வைத்தேன். திரையில் அப்படி இல்லையே என்று கேட்பவர்களுக்கு: கையைத் தொங்கவிட்டால் அது மடிந்து மறைந்துவிடுகிறது, முதுகில் அம்புக்கூடான தூணியை மாட்டினால் அதன் வாரும் மறைத்துக்கொள்கிறது.

தோல் வாங்குதல்

மேலுடைக்கு நாப்பா எனப்படும் மென்மையான ஆட்டுத்தோல், 0.7 அல்லது 0.8 மி.மீ. ஷூவுக்கு வரும் தடித்த மாட்டுத்தோல் கைக்காப்புக்கும் வாருக்கும் மட்டும். முழுத் தோல் சதுர அடிக் கணக்கு, வெட்டுத் துண்டுகள் எடைக் கணக்கு. துண்டு மலிவாயிற்றே என்று அள்ளாதீர்கள், நெஞ்சுத் துண்டுக்குத் தேவையான நீளம் அதில் கிடைக்காது. ரெக்சின் எனக்குப் பிடிக்காது. வியர்வை உள்ளேயே தங்கும், மடிப்பில் வெடிக்கும். ஆனால் முதல் முயற்சிக்குக் கை நடுங்குகிறவர்கள் ரெக்சினில் ஒன்று தைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

நெஞ்சில் கறுப்போடு கருஞ்சிவப்பு வருகிறது. இருட்டுக் காட்சிகளில் அதுவும் கறுப்பாகவே தெரியும், விளம்பரப் படங்களில் துலங்கும். அந்த நிறத்தில் தோல் கிடைக்காவிட்டால் சாயம் ஏற்றலாம். பூச்சு முடிந்து பளபளக்கும் தோலில் சாயம் பிடிக்காது. கடையில் ‘கிரஸ்ட்’ என்று கேளுங்கள், பதனிட்டு முடித்து மேல்பூச்சு போடாத தோல். சாயத்தைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்து, ஓர் இரவு காயவிட்டு, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் உங்கள் பனியனிலும் ஒட்டும்.

தைத்தல்

தோல் ஊசி வாங்குங்கள். அதன் முனை கத்திபோலக் கீறும். நான் 16ஆம் எண் பயன்படுத்தினேன். தையல் நீளம் 4 மி.மீ. இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலைக் கதைதான். நூல் நைலான் அல்லது பாலியஸ்டர். குண்டூசி குத்தாதீர்கள், அதன் துளையும் மறையாது. துணி உலர்த்தும் கிளிப் போதும். மெஷினின் பாதம் தோலில் ஒட்டி நகராமல் நின்றால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். மூன்று மடிப்பு சேரும் இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தையல் முடிவில் பின்னோக்கித் தைக்காமல், நூலை உள்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, லைட்டரால் நுனியைத் தொட்டுவிடுங்கள், உருகி நிற்கும்.

இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வேண்டாம். தையலை விரித்து, பசை தடவி, சின்னச் சுத்தியலால் தட்டினால் படியும். ஜிப்பை இடது விலாவில் மறைத்தேன், முன்பக்கத் தோற்றம் கெடவில்லை.

கைக்காப்பு

நாண் உரசாமல் காப்பதற்குத்தான் இது, ஆகவே வில் பிடிக்கும் கையின் உள்பக்கத்தில் வர வேண்டும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கி மணிக்கட்டு எலும்பில் முடியட்டும்.

பிற்சேர்க்கை: தோலை நனைத்துக் கையின் வடிவத்துக்கு அச்சாக்கலாம் என்று முன்பு ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். அதை நம்பி நனைத்த இருவருக்குத் தோல் காய்ந்ததும் பழையபடி துவண்டுவிட்டது. தவறு என்னுடையது. நனைத்து அச்சாக்குவது ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலுக்குத்தான் சரிப்படும். ஷூத் தோலில் பெரும்பாலானது குரோமியம் உப்பில் பதனிட்டது, சுருக்கமாகக் குரோம் தோல். ஓர் ஓரத்தை வெட்டி வெட்டுமுகத்தைப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் குரோம். உள்வரை சாயம் இறங்கிய தோலில் இந்தச் சோதனை உதவாது, கடைக்காரரைக் கேட்டுவிடுங்கள். குரோம் தோலாக இருந்தால் உள்ளே 3 மி.மீ. இ.வி.ஏ. தாள் (செருப்புக்குப் பயன்படும் மெத்தென்ற ஃபோம்) வைத்து ஒட்டுங்கள். வேடம் கட்டுவோர் அதிக விலை கொடுத்து வரவழைக்கும் அந்தத் தாள், செருப்புச் சாமான் விற்கும் கடையில் அடுக்கிக் கிடக்கிறது. ஒட்டும் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு உலர்ந்தபின் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அம்பறாத்தூணியும் வில்லும்

இவற்றில் எனக்குச் சிரமமே இல்லை. 4 அங்குல பி.வி.சி. குழாயில் 45 செ.மீ. வெட்டி, ஒரு முனையை மூடி, வெளியே இ.வி.ஏ. தாளில் கட்டங்களும் பொத்தான்களும் ஒட்டிக் கறுப்பு அடித்தேன். வில்லும் முக்கால் அங்குலக் குழாய்தான். உள்ளே மணல் நிரப்பிச் சூடாக்கினால் வளைக்கும்போது நசுங்காது. வெட்டவெளியில் செய்யுங்கள், புகை நல்லதல்ல. நாணுக்குக் கறுப்பு எலாஸ்டிக். அம்பு முனைக்கு ரப்பர் அல்லது இ.வி.ஏ. போதும், உலோகம் வேண்டவே வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. படம் எடுக்க வி.கோட்டாவுக்குப் பைக்கில் போனபோது மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். முதுகிலிருந்த குழாயைத் தட்டி “ஏமிட்டி இதி?” (என்ன இது?) என்றார் காவலர். ஓர் அம்பை உருவிக் கொடுத்தேன். ரப்பர் முனையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் அமுக்கச் சொன்னார். பிறகு தன் மகனுக்கு ஏழு வயது, பள்ளியில் மாறுவேடப் போட்டி வருகிறது, இதைத் துணியில் செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும். அந்த அளவுக்கு லுங்கியே போதும்.