நர்சம்மா வீட்டுக்கு வரும்போது

கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் பார்த்தவள் நான். பிள்ளை பெறப்போகும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதைச் சொல்கிறேன்.

கர்ப்பத்தைப் பதிவது பெரும்பாலும் புகுந்த ஊரில், பிரசவமோ தாய்வீட்டில். நீங்கள் வந்திருப்பது இந்த ஊர் நர்சுக்கு எப்படித் தெரியும்? வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த வாரமே துணை சுகாதார நிலையத்துக்குப் போய், தாய் சேய் நல அட்டையைக் காட்டி, கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் உங்கள் போன் நம்பரும் கொடுத்துவிடுங்கள். குழந்தையோடு திரும்பும்போது அங்கேயும் சொல்லுங்கள், தடுப்பூசி விட்டுப்போகாது.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது 2011 முதல் உள்ள தேசியத் திட்டம். யாரும் வரவில்லையா, போன் போட்டுக் கூப்பிடுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் பிள்ளைக்கு உரியது. எடை 2.5 கிலோவுக்குக் கீழே என்றாலோ, குறைமாதம் என்றாலோ கட்டாயம் கூப்பிடுங்கள்.

நர்ஸ் வருகிறார் என்று பவுடர் பூசி, துணியில் இறுகச் சுற்றி வைக்க வேண்டாம். எங்களுக்குப் பார்க்க வேண்டியதே உடம்புதான். தொப்புளில் எண்ணெய், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானாக விழட்டும்.

மூச்சை எண்ணுவதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை வாட்ச் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணுவோம். அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பாக்கினால் தப்பாகிவிடும், பச்சைக் குழந்தைக்கு மூச்சு ஒரே சீராக வராது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பவும் எண்ணுவோம். மறுபடியும் அதே என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரம் யாரும் குழந்தையைக் கொஞ்சாமல் இருந்தால் பெரிய உதவி.

பால் கொடுப்பதையும் நர்ஸ் எதிரிலேயே கொடுத்துக் காட்டுங்கள். வாய் நன்றாகத் திறந்து, கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பில் பட வேண்டும். காம்பு புண்ணாகிறது என்றால் பெரும்பாலும் பிடிப்பில்தான் கோளாறு.

பாட்டிமார்களே, தாயைக் கொஞ்ச நேரம் எங்களோடு தனியாகப் பேச விடுங்கள். தையல் வலி, உதிரப்போக்கு, காரணமில்லாத அழுகை, இதையெல்லாம் உங்கள் எதிரில் அவள் சொல்ல மாட்டாள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும், உடம்பு கொதித்தாலும் சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலும் நர்ஸ் வரும் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.