பழைய செவர்லே டிரக்கில் பிக் பிளாக்: மவுண்ட் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

ஹூஸ்டனுக்கு வடக்கே எங்கள் வீட்டுக் கராஜில் 1970ஆம் வருட செவர்லே சி-10 பிக்-அப் டிரக் ஒன்று நிற்கிறது. வாங்கும்போது அதில் 350 கன அங்குல ஸ்மால் பிளாக், அதாவது செவர்லேயின் சிறிய வி8 என்ஜின், இருந்தது. இப்போது 454 கன அங்குல பிக் பிளாக், அதாவது பெரிய வி8, ஓடுகிறது. இந்த மாற்றத்தில் எனக்கு அதிக நாள் பிடித்தது வயரிங்கோ ரேடியேட்டரோ இல்லை. என்ஜினைத் தாங்கும் இரண்டு மவுண்ட்தான். உள்ளங்கையில் அடங்குகிற ரப்பரும் தகடும். அதைத் தேர்ந்தெடுக்கும் முறை தெரிந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் அந்த மவுண்ட் என்ன பாடு படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முழு வார்ப்பிரும்பு 454 சுமார் 685 பவுண்டு. 350 சுமார் 575. அதாவது ஐம்பது கிலோ கூடுதல், ஒரு சிமென்ட் மூட்டை. ஆனால் எடை கீழ்நோக்கி அழுத்துவதால் மவுண்ட் அவ்வளவு சீக்கிரம் கெடாது. முறுக்குதான் அதைப் பிய்க்கிறது. முன்னால் நின்று பார்த்தால் கிராங்க், அதாவது என்ஜினின் சுழல் தண்டு, கடிகார முள் திசையில் சுற்றுகிறது. பிளாக், அதாவது என்ஜினின் உடல், எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் டிரைவர் பக்கத்து (அமெரிக்க வண்டியில் இடப்பக்கத்து) மவுண்ட் மேலே இழுபடுகிறது, வலப்பக்கத்து மவுண்ட் நசுங்குகிறது. கிழிவது பெரும்பாலும் டிரைவர் பக்கம்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 67 லட்சம் வண்டிகளை இதற்காகவே திரும்ப அழைத்தது. 1960களின் பிற்பாதியில் வந்த செவர்லே கார்களும் இலகு ரக டிரக்குகளும் அதில் அடக்கம். ரப்பர் பிரிந்ததும் என்ஜின் எழும்பும், எழும்பும்போது ஆக்சிலரேட்டரை என்ஜினோடு இணைக்கும் த்ராட்டில் லிங்கேஜை இழுத்துக்கொண்டு போகும், டிரைவர் கால் எடுத்த பிறகும் வண்டி வேகம் பிடிக்கும். அப்போது செய்த தீர்வு, என்ஜின் எழும்பாமல் பிடிக்க ஒரு இரும்புக் கேபிள். பின்னால் வந்த மவுண்ட்களில் உள்ளே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இரும்பு நாக்கு இருக்கும்; ரப்பர் முழுக்கப் போனாலும் இரண்டு பாதியும் பிரியாது. அதனால் என் முதல் நிபந்தனை இதுதான்: கோத்துப் பூட்டும் வகை இல்லாத மவுண்டை, புதிதாக இருந்தாலும், மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். பழைய என்ஜினோடு வந்ததை அப்படியே மாட்டவும் மாட்டாதீர்கள்.

சரி, மவுண்ட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று பொருள். பிளாக்கின் பக்கத்தில் மூன்று போல்ட்டில் உட்காரும் ரப்பர் மவுண்ட் ஒன்று. அதைத் தாங்க, பிரேமின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பர் மேல் நிற்கும் இரும்பு ஸ்டாண்ட் இரண்டாவது. கியர்பாக்ஸ் வாலில் இருக்கும் மவுண்ட் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு செட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்ல செய்தி என்னவென்றால், செவர்லே ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் பிளாக் பக்கத்தில் அதே மூன்று துளைகள்தான், 3/8 அங்குல போல்ட். இதைக் கேட்டதும் எல்லாரும் "அப்போ பழையதே போதும்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நானும் வந்தேன்.

நான் செய்த தவறு, டிரக்கின் வருடத்தைச் சொல்லி ஆர்டர் போட்டது. பெட்டி வந்தது, மவுண்ட் பிளாக்கில் கச்சிதமாக உட்கார்ந்தது, என்ஜினை ஹாய்ஸ்ட்டில் தொங்கவிட்டு இறக்கினேன். ஸ்டாண்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே மவுண்டின் ஓடு இறங்கவே இல்லை. கால் அங்குலம் அகலம் அதிகம். இரவு பத்தரை மணி, என் மகள் ஹாய்ஸ்ட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் கீழே படுத்துக்கொண்டு நெம்புகோலால் காதை விரிக்கிறேன். டக்கென்று ஒரு சத்தம். வெளிச்சம் அடித்துப் பார்த்தால், போல்ட் துளையின் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். ஸ்டாண்டும் போயிற்று. என்ஜினை மறுபடி மேலே தூக்கி ஓரமாக வைத்தோம்.

பிறகுதான் தெரிந்தது: எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் வேறு வருடத்து ஸ்டாண்டை மாட்டியிருக்கிறார். ஐம்பது வயதான டிரக்கில் எது ஒரிஜினல் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஓடு மாதிரி இருக்கும் செவர்லே மவுண்ட்களில் முக்கியமாக இரண்டு அளவு உண்டு: உயரமும் குறுகலுமானது, குட்டையும் அகலமுமானது. ஆகவே வெர்னியர் அளவுகோலை எடுங்கள். ஸ்டாண்டின் காதுகளுக்கு உள்பக்க இடைவெளி, குறுக்கே போகும் நீள போல்ட்டின் விட்டம், போல்ட் துளையிலிருந்து பிளாக்கைத் தொடும் தகடு வரை உயரம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்காரரிடம் பேசுங்கள். வருடத்தைக் கடைசியாகச் சொன்னால் போதும்.

ஸ்டாண்டைப் பற்றி இன்னும் ஒன்று. செவர்லே 1968லேயே சி-10இல் 396 பிக் பிளாக்கை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. 1973லிருந்து 454உம் வந்தது. அதனால் கம்பெனி முறையில் உட்காரும் பிக் பிளாக் ஸ்டாண்ட்கள் இருக்கின்றன, மறுதயாரிப்பாகவும் கிடைக்கின்றன. உங்கள் டிரக் ஆறு சிலிண்டரோடு, அதாவது 250 அல்லது 292 உடன் பிறந்திருந்தால், அந்த ஸ்டாண்ட் வி8க்கு உதவாது. வாங்கியே ஆக வேண்டும். 1947இலிருந்து 55 வரை வந்த உருண்டை மூக்கு டிரக்குகளில் பிரேமில் பக்க மவுண்ட்டுக்கு இடமே கிடையாது, முன்னால் நடுவிலும் பெல் ஹவுசிங் பக்கங்களிலும்தான் பிடிப்பு. அதற்கு வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், அது தனிக் கதை. ஃபோர்டு, டாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு அளவுகள் எல்லாம் வேறு, முறை இதேதான்.

அடுத்தது மிக முக்கியமானது. மவுண்ட் என்ஜினின் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது, என்ஜினின் இடம் மவுண்டைத் தீர்மானிக்க வேண்டும். காலி பிளாக், ஹெட், ஆயில் பான், கியர்பாக்ஸ் மட்டும் கோத்து உள்ளே இறக்குங்கள். பழைய ரப்பர் மேல், தேவைப்பட்டால் மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் (என்ஜின் அறைக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவர்) இடையே கை போகிறதா? வலப்பக்கத்து வால்வ் கவரின் பின்மூலை ஹீட்டர் பெட்டியை இடிக்கிறதா? ஏசி உள்ள டிரக்கில் அந்த இடம் ரொம்ப நெருக்கம். ஆயில் பான் கிராஸ்மெம்பரைத் தொடாமல் நிற்க வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இணைப்புக் கம்பிகள் பானில் படாததைப் பாருங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் ஒரு அங்குலமாவது விடுங்கள். ஹெடரை, அதாவது என்ஜின் புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பை, மறக்காதீர்கள். பெரும்பாலோர் என்ஜினை உட்கார வைத்த பிறகு ஹெடர் வாங்கி, அது ஸ்டியரிங் பாக்ஸில் இடித்து, மவுண்டைக் குறை சொல்கிறார்கள். ரப்பர் மவுண்டில் என்ஜின் ஆடும் என்பதால் ஹெடருக்கும் பிரேமுக்கும் அரை அங்குலம் இருந்தால்தான் எனக்குத் திருப்தி.

கோணமும் பார்க்க வேண்டும். என்ஜின் முன்பக்கம் தூக்கி, சுமார் 3 டிகிரி பின்சாய்வில் உட்கார வேண்டும். கார்ப்பரேட்டர் மட்டமாக நிற்கும்படி, அது உட்காரும் இன்டேக்கை அதற்கேற்பத்தான் வார்த்திருக்கிறார்கள். வண்டி நான்கு சக்கரத்தில், மட்டமான தரையில் நிற்கும்போது கோணமானியை வைத்துப் பாருங்கள். டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு டர்போ 400 போடுகிறீர்கள் என்றால் வால் மவுண்ட் பின்னால் போகும், கிராஸ்மெம்பரையும் நகர்த்த வேண்டும். நான் பிரேமில் புதுத் துளை போட்டேன்.

இப்போது ரப்பரா, பாலியூரித்தேனா, திட இரும்பா? தெருவில் ஓட்டும் டிரக்குக்கு என் பதில் தெளிவு: பூட்டும் வகை ரப்பர். படகு இழுப்பவர், அடிக்கடி பாரம் ஏற்றுபவர் பாலி போடலாம். எண்ணெய் பட்டாலும் பாலி ஊறாது, அது பெரிய நன்மை. வால்வ் கவர் கசிவில் நனைந்து பஞ்சாகிப்போன ரப்பரை என் பழைய 350இலேயே கழற்றினேன், விரலால் அழுத்தினால் கறுப்பு மாவு ஒட்டியது. ஆனால் பாலியில், வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில், கண்ணாடி நடுங்கும். திட இரும்பு பந்தய வண்டிக்கு. அதைப் போட்டுவிட்டு கியர்பாக்ஸிலும் திட மவுண்ட் போடாதீர்கள்: பிரேம் முறுக்கிக்கொள்ளும்போது விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் கியர்பாக்ஸின் அலுமினிய ஓடு உடையும். முன்னால் மெத்தென்ற ரப்பர், வாலில் விறைத்த பாலி என்ற சேர்க்கையும் வேண்டாம். என்ஜின் ஆடும் ஆட்டத்தை எல்லாம் வால் வாங்கிக்கொள்ளும்.

போல்ட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாததை இந்த இடத்தில் வைக்காதீர்கள். நீளத்தையும் பாருங்கள். துளையின் அடியில் முட்டிக்கொண்ட போல்ட், ரெஞ்சுக்கு இறுகியது போலவே தெரியும். மவுண்ட் மட்டும் தளர்ந்தே இருக்கும். மாட்டும்போது பிளாக் பக்கத்து மூன்று போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி வைத்து, நீள போல்ட் இரண்டும் போன பிறகு, என்ஜினின் எடை முழுக்க ஸ்டாண்ட் மேல் இறங்கிய பிறகு, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஹெடர் வந்த பிறகும் ரெஞ்ச் போகிற பக்கமாக நட்டை வையுங்கள்.

எல்லாம் சரியாக மாட்டியும் வண்டி அதிர்ந்தால் உடனே மவுண்டைக் கழற்றாதீர்கள். 396, 402, 427 எல்லாம் உள்ளேயே சமன் செய்யப்பட்ட என்ஜின்கள். 454க்கு மட்டும் கிராங்கின் முன்முனையில் உள்ள டேம்பரிலும், பின்முனையில் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற தட்டிலும் எடை சேர்த்துச் சமன் செய்திருக்கிறார்கள். ஸ்மால் பிளாக்கின் ஃப்ளெக்ஸ்பிளேட்டை 454இல் மாட்டினால் எந்த மவுண்டாலும் அந்த அதிர்வை விழுங்க முடியாது.

கடைசியாகச் சோதனை. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, பார்க்கிங் பிரேக், கால் பிரேக் எல்லாம் போட்டு, டிரைவில் வைத்து, ஒருவர் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க, நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. டிரைவர் பக்கம் கொஞ்சம் எழும்பி மெதுவாக உட்கார்ந்தால் நல்லது. எழும்பி 'தொப்'பென்று விழுந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. நூறு மைல் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். என் டிரக்கில் வலப்பக்கம் அசையவில்லை. டிரைவர் பக்கத்து மேல் போல்ட் மட்டும் இன்னும் கால் சுற்று இறுகியது.